மஞ்சள் ஓடிய கல்லுக்கு விலை சொல்வது யார்?

சில மாதங்களுக்கு முன்னர், உறவினரான ஒரு பெண்மணி தமது தாயாரின் வைரத்தோட்டினை விற்பதற்காக யாழ்ப்பாண நகரிலுள்ள நகைக்கடை ஒன்றுக்குச் சென்றார். துணைக்கு நானும் போயிருந்தேன். மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தத் தாயார் சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிய தோடு அது.

கடைக்காரர் தோட்டைத் தராசில் இட்டார். கல்லின் எடையென்று ஒரு தொகையைக் கழித்தார். "கல் மஞ்சள் ஓடுது அக்கா. அதுக்குப் பெறுமதி போட ஏலாது. பவுணுக்குத்தான் காசு" என்றார். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். பெறுமதி இல்லாத கல் என்றால் அதைக் கழற்றித் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்று வாய்மூடி நின்றது இன்னமும் உறுத்துகிறது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. வைரத்தில் மஞ்சள் ஓடினால் விலை இறங்கும் என்பது உண்மையே. ஆனால் அது பாதி உண்மை.

உலகச் சந்தை இன்று பின்பற்றும் அளவுகோலை வகுத்தது அமெரிக்க இரத்தினக்கல் நிறுவகம். ஜி.ஐ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிறுவனம் 1931இல் தோன்றியது. நிறமே அற்ற வைரத்துக்கு "டி" என்ற எழுத்து. அங்கிருந்து மஞ்சளோ பழுப்போ சிறிது சிறிதாக ஏற ஏற எழுத்து "இசட்" வரை இறங்கும். விலையும் கூடவே இறங்கும். "இசட்" என்ற எல்லையையும் தாண்டி நிறம் அடர்த்தியானால் கதை தலைகீழாகிவிடுகிறது. அந்தக் கல் "ஃபான்சி" எனப்படும் நிற வைரமாகிறது. அங்கே மங்கல், இளநிறம், செறிவு, ஒளிர்வு என்று வேறு படிநிலைகள். அந்த ஏணியில் நிறம் செறிந்து ஒளிரும்போது விலையும் ஏறுகிறது. எல்லைக்கு இப்புறம் குறையாக எண்ணப்பட்ட அதே நிறம் அப்புறத்தில் பெருமையாகிறது. வெள்ளை வைரத்தைக் கவிழ்த்துவைத்து நிறம் பார்ப்பார்கள். நிற வைரத்தை முகம் நிமிர்த்தியே பார்ப்பார்கள். முன்னதில் தேடுவது குற்றத்தை, பின்னதில் தேடுவது அழகை.

இந்நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? வைரம் என்பது காபன். அதனுள் நைதரசன் அணுக்கள் புகுந்தால் மஞ்சள் தோன்றும். போரன் புகுந்தால் நீலம். பூமியின் ஆழத்தில் இயற்கைக் கதிர்வீச்சுப் பட்டால் பச்சை. பேரழுத்தத்தில் பளிங்கின் கட்டமைப்பே நெளிந்துவிட்டால் இளஞ்சிவப்பு. பத்தாயிரம் வைரங்களில் ஒன்றே இவ்வாறு நிறம் செறிந்தது என்பது வணிகர்கள் வழமையாகக் கூறும் கணக்கு. உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்துவந்த மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கமும் 2020 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இந்த அருமையே விலையாகிறது. 2017 ஏப்ரலில் ஹொங்கொங்கில், 59.60 கரட் எடையுள்ள "பிங்க் ஸ்டார்" 7 கோடியே 12 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு ஜெனீவாவில், 14.62 கரட் நீலக்கல் ஒன்று 5 கோடியே 75 இலட்சம் டொலரைத் தொட்டது.

இந்த அறிவு மேலைநாட்டாருக்கு மட்டுமே உரியதன்று. மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும் இளங்கோவடிகள், களங்கம், காகபாதம், ஏகை, விந்து என்னும் நான்கு குற்றங்களும் நீங்கிய வைரத்தையும் அதன் நால்வகை நிறங்களையும் சிலப்பதிகாரத்தில் பேசுகிறார். கற்களைத் தரம் பிரிக்கத் தெரிந்திருந்த சமூகம் இது. பிரெஞ்சு வணிகர் தவேர்னியே பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுசென்று பதினான்காம் லூயி மன்னனுக்கு விற்ற நீலக்கல்லே, பின்னர் வெட்டப்பட்டு, இன்று 45.52 கரட் "ஹோப்" வைரமாக வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் இங்கிருந்து போயிற்று. காலப்போக்கில் அளவுகோலும் நம் கையை விட்டுப் போயிற்று.

நிற்க. இதை வாசித்துவிட்டு, பெட்டிக்குள் கிடக்கும் அம்மம்மாவின் தோடு கோடி பெறும் என்று எவரும் கனவு காண வேண்டாம். மஞ்சள் ஓடிய பழைய கற்களில் மிகப் பெரும்பாலானவை "இசட்" எல்லைக்கு உள்ளேயே நிற்பவை. நிற வைரங்களிலும் மஞ்சளும் பழுப்புமே அதிகம் கிடைப்பவை. ஏலங்களில் வியக்கவைக்கும் விலைகள் பெரும்பாலும் நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் உரியவை. பல தோடுகளில் இருப்பது வைரமே அல்லாமலும் இருக்கலாம். மாத்தறைப் பகுதியில் எடுக்கப்பட்ட நிறமற்ற சேர்க்கன் கற்கள் "மாத்தறை வைரம்" என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டன. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் கல்லின் மேற்புறத்தினூடாகப் பார்த்தால், சேர்க்கனில் பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அவ்வாறு தெரியாது.

புதிய சிக்கல்களும் உண்டு. பழுப்பு வைரத்தை உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்து நிறம் மாற்றுகிறார்கள். கதிர்வீச்சினால் பச்சையும் நீலமும் ஏற்றுகிறார்கள். ஆய்வுகூடத்திலேயே மஞ்சள் வைரம் வளர்க்கிறார்கள். வெறுங்கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. இவற்றின் விலையோ இயற்கைக் கல்லின் விலைக்கு வெகுதூரம் கீழே. புலம்பெயர் நாடுகளிலிருந்து வந்து இங்கு திருமண நகை எடுப்போர், "நிற வைரம்" என்ற சொல்லை நம்பாமல், கல் இயற்கையானதா, நிறமும் இயற்கையானதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்திலே பெறவேண்டும்.

என் வாதம் இதுதான். பவுணின் விலை நாளிதழில் வருகிறது, எவரும் சரிபார்க்கலாம். கல்லின் விலையோ வாங்குபவரின் வாயில் மட்டுமே இருக்கிறது. விற்பவர் பெரும்பாலும் அவசரத்தில் இருக்கும் பெண். ஒரு பக்கத்துக்கு மட்டும் அளவுகோல் தெரிந்திருக்கும் வியாபாரத்தை நியாயமான வியாபாரம் என்று சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. விற்குமுன் கல்லைக் கழற்றித் தனியே நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். அந்த எடையைத் துண்டில் எழுதி வாங்குங்கள். பின்புறம் மூடிய பழைய கட்டில் இருக்கும் கல்லின் நிறத்தை எவராலும் சரியாகச் சொல்ல முடியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இரண்டு கடைகளிலாவது காட்டுங்கள். கல் பெரிதாயின், கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தை நாடுங்கள். சின்னஞ்சிறு கல்லுக்கு அந்தச் செலவு கட்டாது. அப்படியாயின் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நகை வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெறுமதி போடாத கல்லைக் கேளாமலே உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதை வழக்கமாக்குங்கள். பெறுமதி இல்லையென்று சொன்ன கல்லை வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை கிடையாது.

அந்தத் தோட்டின் கற்கள் "இசட்" எல்லைக்கு எப்புறம் நின்றன என்பது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அனேகமாக இப்புறமாகவே இருந்திருக்கும். ஆனாலும் ஓர் இடப்பெயர்வையே கடந்துவந்த அந்தக் கற்கள், ஒரு தாள் துண்டில்கூடப் பதியப்படாமல் ஐந்து நிமிடத்தில் கைமாறின. பையன் இப்போது வெளிநாட்டில் நலமாக இருக்கிறான். அம்மம்மாவின் தோடு எங்கே என்று அவன் கேட்கும் நாளில், விற்றுவிட்டோம் என்று பவுணுக்கு மட்டுமே சொல்ல முடியும். கல்லைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எந்த விடையும் இல்லை.