ஆச்சியோட 110/70

சீசன் வந்துட்டா நம்மள்ல பாதி பேர் சனிக்கிழமை குற்றாலத்துலதான் இருப்போம். போன வருஷம் எங்க ஆச்சியையும் ஐந்தருவிக்குக் கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்கய்யா, இந்த வயசுல எனக்கெதுக்கு?"ன்னுட்டாங்க. வயசு காரணமில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. முந்தின சீசன்ல பெண்கள் வரிசையில நிக்கும்போது கண்ணு இருட்டி, அப்படியே தரையில உக்காந்திருக்காங்க. அதோட அருவி போச்சு. அடுத்து ரேஷன் கடை வரிசை போச்சு. கடைசியா, குனிஞ்சு நிமிர்ந்தா கிறுகிறுன்னு வருதுன்னு வாசல் கோலமும் அம்மா கைக்குப் போச்சு. பல வருஷமா தரையில உக்காந்து பீடி சுத்துன உடம்பு. இப்போ எழுந்திரிக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பஸ்ஸில் உட்கார்ந்து போய், வராண்டாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த பிரஷர் 110/70. "நார்மல்தான் பாட்டி, நல்லா சாப்பிடுங்க." அந்த எண் தப்பில்லை. ஆனா ஆச்சியோட பிரச்சினை உட்கார்ந்திருக்கும்போது வர்றதே இல்லையே!

நாம எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கும். உடனே கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அதைக் கவனித்து, இதயத்தை வேகமாக்கி, ரத்தக்குழாய்களைச் சுருக்கும். நாம கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிக்கிற ஃபீட்பேக் லூப்தான். அந்த லூப் சரியா வேலை செய்யாதபோது, நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அதை ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன் என்கிறார்கள். இது நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. காலையில் அதிகம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அதிகம், வெயிலிலும் தண்ணீர் குடிக்காத நாளிலும் அதிகம். சில மாத்திரைகளாலும் வரும்.

இப்போ உங்களை ஒண்ணு கேட்கிறேன். மணிக்கு மணி மாறுற சிக்னலை மாசத்துக்கு ஒரு தடவை சாம்பிள் பண்ணா என்ன தெரியும்? நைக்விஸ்ட் பேரைச் சொல்லி மார்க் வாங்கின நமக்கு இதுக்குப் பதில் தெரியும். சராசரி எடுத்தாலும் ஆகாது. பாலத்தைச் சராசரி சுமைக்கா டிசைன் பண்றோம்? வாரத்துல ஆறு நாள் நல்லா இருந்து, ஏழாவது நாள் விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா, சராசரி அழகாத்தான் இருக்கும்.

"தலைசுத்தல்ங்கறது அவங்கவங்க உணர்வு, எண்தானே நம்பகமானது?"ன்னு கேட்பீங்க. மிடோட்ரின் என்ற மருந்தின் கதையைப் பாருங்க. நிற்கும்போது பிரஷரை ஏற்றுகிறது என்ற அளவீட்டை வைத்து 1996இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தந்தது. நோயாளிக்கு உண்மையில் பயன் உண்டா என்பதைப் பிறகு நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆதாரம் வந்து சேரவில்லை என்று 2010இல் அனுமதியைத் திரும்பப் பெறவே முன்மொழிந்தார்கள். எண் ஏறியது சரி, அந்த மனுஷன் கடைக்குப் போய் வந்தாரா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை அளக்கவும் ஒரு கருவி இருக்கு. 2012இல் ஹொராசியோ காஃப்மன் குழுவினர் வெளியிட்ட கேள்வித்தாள் அது. மொத்தம் பத்தே கேள்வி. ஆறு அறிகுறிகளைப் பற்றியவை: தலைசுற்றல், பார்வை, பலவீனம், களைப்பு, கவனம், தலை-கழுத்து வலி. மீதி நாலும் அன்றாட வாழ்க்கை: கொஞ்ச நேரம் நிற்பது, ரொம்ப நேரம் நிற்பது, கொஞ்ச நேரம் நடப்பது, ரொம்ப நேரம் நடப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை.

அந்தக் கடைசி நாலு கேள்வி எதுக்குன்னு ஆச்சியைப் பார்த்துத்தான் எனக்குப் புரிஞ்சது. "இந்த வாரம் தலை சுத்துச்சா ஆச்சி?"ன்னு கேட்டா, "இல்லய்யா, இப்ப ஒண்ணும் இல்ல"ம்பாங்க. உண்மைதான். நிக்கிறதையே விட்டுட்டாங்களே, எப்படிச் சுத்தும்? அறிகுறியை மட்டும் கேட்டா குணமாயிட்டாங்கன்னு எழுதிடுவோம். எதையெல்லாம் விட்டாங்கன்னு கேட்டாத்தான் அருவியும் ரேஷன் கடையும் கோலமும் வெளியில வரும்.

அதனால என் கருத்து இதுதான். கேள்விகளை நம்ம ஊர் வாழ்க்கையில வச்சுக் கேட்கணும். "பலவீனம் பத்துக்கு எத்தனை?"ன்னா ஆச்சி முழிப்பாங்க. "செங்கோட்டை பஸ்ஸுல சீட் கிடைக்கலன்னா நின்னுட்டே போயிருவீங்களா?"ன்னா பட்டுனு பதில் வரும். 'கிறுகிறுப்பு', 'கண்ணு இருட்டுது', 'மயக்கமா வருது' மூணும் ஒண்ணா, வேற வேறயான்னு நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்டயே கேட்டுப் பிரிக்கணும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள். முக்கியமாகத் தேடுவது உயர் ரத்த அழுத்தத்தை. அதோட "நின்னா எப்படி இருக்கு? எதையாவது செய்யறத விட்டுட்டீங்களா?"ன்னு ரெண்டு கேள்வி சேர்த்தா செலவு என்ன?

நம்ம பக்கமும் வேலை இருக்கு. வருஷா வருஷம் ஆர்டுயினோவுல பிரஷர் மானிட்டர் புராஜெக்ட் வருது. ரிவ்யூவுல கேட்கிறது அக்யூரசி மட்டும். அடுத்த பேட்ச் அந்த ஆப்ல ஒரு பக்கம் சேருங்க: படுத்து 5 நிமிஷம் கழிச்சு ஒரு அளவு, எழுந்து நின்னு 1, 3 நிமிஷத்துல ஒவ்வொரு அளவு, கூடவே இன்னைக்கு எதைச் செய்ய முடியலங்கிற ஒரு வரி.

புராஜெக்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம். வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா, ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. நிக்க வச்சு அளக்கும்போது பக்கத்துலயே இருங்க, விழுந்துடக் கூடாது. அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. தலைசுத்தலுக்கு ரத்தசோகை, சர்க்கரை, காது, இதயம்னு வேற காரணமும் இருக்கலாம். நீங்களா உப்பைக் கூட்டவோ மாத்திரையை நிறுத்தவோ வேண்டாம்.

நாங்க ஏழு நாள் எழுதினோம். உட்கார்ந்து பார்த்த அளவெல்லாம் நல்லாத்தான் இருந்தது. காலையில நின்னு பார்த்த அளவுலதான் 24 குறைஞ்சிருந்தது. நோட்டைப் பார்த்ததும் டாக்டர் ஆச்சியோட மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிச்சார். ஒரு மாத்திரையை மாத்தியிருக்கார். இந்த வாரம் வாசல்ல நாலு புள்ளிக் கோலம், ஆச்சி கைவண்ணம். சின்னதுதான். ஆனா நோட்டுல அதையும் எழுதி வச்சிருக்கேன்.