திருக்குறளில் எத்தனை எழுத்து? உங்கள் புரோகிராமைக் கேட்டுப் பாருங்கள்

பொது அறிவுப் புத்தகங்களில் இந்தப் பக்கம் தவறாமல் இருக்கும். திருக்குறளில் 133 அதிகாரம், 1330 குறள், 42,194 எழுத்து, உயிரெழுத்துகளில் ஔ மட்டும் கிடையாது... ஸ்கூலில் க்விஸ் போட்டிக்குப் போனவர்களுக்கு இது மனப்பாடம். 133-ம் 1330-ம் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அந்த 42,194-ஐ யார் எண்ணினார்கள்? இன்றைக்கு எண்ணினால் அதே விடை வருமா?

புரோகிராமிங் படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆனவர் செய்யக்கூடிய வேலைதான் இது. மதுரைத் திட்டம் (புராஜெக்ட் மதுரை) தளத்தில் முதல் நூலே திருக்குறள்தான். பக்கத்தை எடு, குறிகளைக் கழற்று, எண்ணு. பைத்தானில் இருபது வரி.

ஆனால் அந்த இருபது வரியை எழுதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பக்கம் வரவில்லை என்பார்கள். மீதிப் பேருக்குப் பக்கம் வந்திருக்கும், ஆனால் தமிழ் இருக்காது. தமிழும் வந்தவர்களுக்கு விடை தப்பாக வரும், அது தப்பு என்பதே தெரியாது. சந்தேகம் கேட்டால் தி.நகர் கோர்ஸிலிருந்து அடையாறு பக்கத்து காலேஜ் வரை கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "முதல்ல இங்கிலீஷ் பேஜ்ல பண்ணுப்பா, தமிழெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த அறிவுரை தலைகீழ் என்பதுதான் என் கட்சி. வலைப்பக்கத்தை எடுத்து அலசக் கற்றுக்கொள்ள ஆங்கிலப் பக்கத்தைவிடத் தமிழ்ப் பக்கம் நல்ல வாத்தியார். ஆங்கிலத்தில் தப்பான கோட்கூட தற்செயலாகச் சரியான விடை தந்துவிடும். தமிழ் அப்படி மன்னிக்காது. எங்கெங்கே மாட்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. பக்கம் வந்ததா?

பழைய புத்தகத்தைப் பார்த்து 'யூஆர்எல்லிப்2' என்று எழுதினால், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று பைத்தான் கைவிரிக்கும். அது பைத்தான் 2 காலத்துச் சரக்கு. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-ல் பெயர் மாறிவிட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. பாடப் புத்தகம் மட்டும் மாறவில்லை.

அடுத்தது 403. பிரௌசரில் திறக்கும் பக்கம் புரோகிராமுக்குத் திறக்காது. காரணம் எளிது. உங்கள் புரோகிராம் போகும்போதே "நான் பைத்தான்" என்று பெயர் சொல்லிக்கொண்டு போகிறது. சில தளங்கள் அந்தப் பெயரைக் கேட்டவுடன் கதவைச் சாத்திவிடும். 'யூசர் ஏஜென்ட்' என்ற தலைப்பு வரியைச் சரியாக அனுப்பினால் பெரும்பாலும் திறக்கும். அதற்கு முன்னால் அந்தத் தளத்தின் 'ரோபாட்ஸ்' கோப்பைப் படித்துவிடுவது மரியாதை.

மூன்றாவது, பக்கம் வந்தும் உள்ளே செய்தி இல்லாமல் இருப்பது. இன்றைய செய்தித் தளங்கள் பலவற்றில் வெற்றுச் சட்டம்தான் முதலில் வரும், ஜாவாஸ்க்ரிப்ட் ஓடிய பிறகுதான் விஷயம் நிரம்பும். பிரௌசரில் 'வியூ சோர்ஸ்' போட்டுத் தேடுங்கள். அங்கேயே இல்லாத வரியை உங்கள் புரோகிராம் எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தை ஒரு முறை எடுத்து கோப்பாகச் சேமித்துவிட்டு, பிறகு அந்தக் கோப்போடு மல்லுக்கட்டுங்கள். ஒரு கமாவைத் திருத்தியதற்கெல்லாம் மறுபடி தளத்துக்குப் போகாதீர்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் வளர்த்த களஞ்சியம். அவர்கள் சர்வரை நம் ஹோம்வொர்க்குக்காக நிமிடத்துக்கு அறுபது தடவை தட்டுவது அழகில்லை.

2. வந்தது தமிழா?

இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். திரையில் தலைக்கு மேல் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று ஒரே கலவரமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அந்தக் கோடு போட்ட ஏ-தான் 224, வட்டத்து ஆர்தான் 174. பண்டம் சரியாகத்தான் வந்திருக்கிறது, படித்த விதம்தான் தப்பு.

ஏன் இப்படி ஆகிறது? எல்லாரும் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம், இது என்ன குறியாக்கம் என்று சர்வர் சொல்லாவிட்டால், உரைப் பக்கங்களை ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பக்கத்தில் இது வெளியே தெரியவே தெரியாது. தமிழில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குறியாக்கத்தை நீங்களே யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

224-174 வரிசையே இல்லை என்றால் விஷயம் கொஞ்சம் பெரியது. அது யூனிகோடுக்கு முந்தைய பக்கமாக இருக்கலாம். ஒரு காலத்தில் இணையத்தில் தமிழ் எழுத ஆளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். மதுரைத் திட்டத்தை நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம் உருவாக்கிய எழுத்துரு ஒன்றின் பெயர் 'மயிலை'. மயிலாப்பூர்க்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 'டிஸ்கி' என்ற பொதுக் குறியாக்கம் வந்தது. 1999 பிப்ரவரியில் நம் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்று இன்னும் இரண்டு வந்தன. தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதியதெல்லாம் பல குறியாக்கங்களில் சிதறிக் கிடக்கிறது.

டிஸ்கியில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் எழுத்துகளைக் கண் பார்க்கும் வரிசையில் வைப்பார்கள். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. எனவே அட்டவணை போட்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். "மாற்றினேன், ஆனால் கொம்பெல்லாம் முந்தின எழுத்தில் ஒட்டிக்கொண்டது" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

3. குறிகளைக் கழற்றும்போது

'பியூட்டிஃபுல்சூப்' கொண்டு எல்லாக் குறிகளையும் ஒரே அடியாகக் கழற்றிவிட்டு உரையை மட்டும் எடுத்துக்கொள்வது எல்லாரும் செய்வது. பழைய தமிழ்ப் பக்கங்களில் இதைச் செய்தால் தடயத்தை அழித்த மாதிரி. எந்த எழுத்துரு என்று சொல்லும் ஒரே இடம் அந்த 'ஃபான்ட்' குறிதான்.

பாமினி எழுத்துருப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். அதே பக்கத்தில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். ஃபான்ட் குறியைத் தூக்கி எறிந்த பிறகு எது தமிழ், எது ஆங்கிலம் என்று எப்படிப் பிரிப்பது? மொத்தத்தையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொல்லெல்லாம் வாயில் நுழையாத தமிழாக வந்து நிற்கும். எந்தக் குறிக்குள் என்ன எழுத்துரு என்று பார்த்து முதலில் மாற்றுங்கள், அப்புறம் கழற்றுங்கள்.

4. எழுத்து என்பது எது?

இனி மேலே சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரர் எதுவும் வராது. ஆபத்து இங்கேதான்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ண வேண்டும். இல்லையென்றால் 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்தலாம், அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

சொற்களைப் பிரிப்பது இதைவிட மோசம். சொல்லைப் பிடிக்க எல்லாப் பாடத்திலும் சொல்லித் தரும் 'டபிள்யூ' குறி பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே மதிக்காது. 'மயிலை' என்று கொடுத்தால் 'மய', 'ல' என்று இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். தேவாரத்தில் மயிலை எத்தனை முறை வருகிறது என்று தேடினால் பூஜ்யம் வரும். கபாலீஸ்வரர் கோவில் வாசலில் நின்றுகொண்டு மயிலாப்பூரே இல்லை என்று சொல்வது போல! தமிழ் யூனிகோடுத் தொகுதி முழுவதையும் வரம்பாகக் கொடுத்தால் இது சரியாகும். சரியான பிறகும், ஊர்ப் பெயரான மயிலையையும், மயில் என்ற பறவையோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்த மயிலையையும் பிரிக்க மனிதக் கண் வேண்டும்.

ஔ கதைக்கு வருவோம். ஔ இல்லை என்று சொல்ல, தேடி பூஜ்யம் வந்தால் போதுமா? போதாது. ஔ என்பதை ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் சிக்காது. 1147-ஆம் குறளில் வரும் 'கௌவை' என்ற சொல்லை இணையத்தில் பல இடங்களில் 'கெளவை' என்றுதான் தட்டி வைத்திருக்கிறார்கள், கொம்பு போட்ட க, பிறகு ள. ஒரு சொல், இரண்டு உருவம். 'கொ'வின் குறியைக்கூட ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு-கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். இந்த இரண்டாவது சிக்கலை 'நார்மலைசேஷன்' தீர்க்கும். ள சிக்கலை அதுவும் தீர்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

"ஏஐ-கிட்ட கேட்டா கோட் எழுதிக் கொடுத்துடுமே" என்பீர்கள். கொடுக்கும். அந்தக் கோட் மயிலையை 'மய', 'ல' என்று வெட்டினால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள். எரரே இல்லாமல் ஓடும் தப்பான புரோகிராமைப் பிடிக்க ஒரே வழி, விடை முன்பே தெரிந்த ஒன்றில் சோதிப்பது. அதற்குக் குறளைவிட நல்ல நூல் கிடையாது. 1330 குறள், குறளுக்கு 7 சீர், மொத்தம் 9,310. உங்கள் எண்ணிக்கை அதைவிடச் சில நூறு கூடியிருந்தால் அதிகாரத் தலைப்பும் எண்களும் உள்ளே இருக்கின்றன. மடங்கு மடங்காகக் கூடியிருந்தால் உயிர்மெய்யில் கத்தி விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படி ஓர் அளவுகோலைத் தேடிப் பிடிக்க வேண்டும், நமக்கு ரெடியாக இருக்கிறது.

"வேலைக்கு இதெல்லாம் உதவுமா?" என்பது அடுத்த கேள்வி. உதவும். நாளைக்கு எந்தக் கம்பெனியில் உட்கார்ந்தாலும் இந்திப் பெயரும் அரபு முகவரியும் பிரெஞ்சு எழுத்தும் கலந்த கோப்புதான் கைக்கு வரும். பைட் வேறு, குறி வேறு, எழுத்து வேறு என்று புரிந்தவருக்கு அது ஒரு மணி நேர வேலை. புரியாதவருக்கு ஒரு வாரம்.

ஆனால் எனக்கு வேலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. ஓலைச் சுவடியில் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். அதை வைத்துக்கொண்டு பல பிரதிகளை ஒப்பிட்டு 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் அவர். நாம் இன்று படும் பாட்டைப் பெரிய அளவில் பட்டவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எல்லாம் பஸ்ஸில் போகும் தூரம். 1990-களிலும் 2000-களிலும் இணையத்தில் எழுதப்பட்ட தமிழ், சுவடி போலவே, படிக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது. அதை மீட்கத் தெரிந்தவர்கள் இந்த ஊர் வகுப்புகளிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வருவார்கள்?

அதனால் வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பயிற்சியாகத் திருக்குறள் பக்கத்தைக் கொடுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று. உதவி கேட்கும்போது "ஒர்க் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கம் வந்ததா, முதல் இருபது பைட் என்ன, குறி கழற்றும் முன் எப்படி இருந்தது, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன... இந்த ஐந்தையும் எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும்.

42,194 சரியா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. தலைப்பைச் சேர்த்தீர்களா, ஆய்தத்தை எண்ணினீர்களா, எந்தப் பதிப்பு, சந்தி பிரித்ததா பிரிக்காததா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விடை. எண்ணிப் பாருங்கள். உங்கள் எண் வேறாக வந்தால், ஏன் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.