மனசுக்குப் பட்டதை எப்போது நம்பலாம்?

வரனை முடிப்பது, மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை, பூர்விக நிலத்தை விற்பது என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கத் திணறும்போது, யாராவது ஒருவர் சொல்வார்: "எனக்கென்னவோ மனசுக்குச் சரியாப் படலை." சொன்னவர் வீட்டுக்கு மூத்தவர் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. கல்யாணப் பெண்ணே சொன்னால், "போகப்போக எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். உள்ளுணர்வை மதிக்கும் சமூகம்தான் நம்முடையது. ஆனால் அந்த மதிப்பை ஆள் பார்த்துத் தருகிறது.

உள்ளுணர்வு எங்கே பலிக்கும் என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கேரி கிளைன் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகளை நேரில் விசாரித்து எழுதியவர். அவர் பதிவு செய்த ஒரு சம்பவம்: ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. வீரர்கள் கூடத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், தீ அடங்கவில்லை. கூடத்தில் அளவுக்கு மீறிய அனல். ஆனால் அதற்கேற்ற இரைச்சல் இல்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் அதிகாரி எல்லோரையும் வெளியேற்றினார். சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து உள்ளே விழுந்தது. தீ எரிந்துகொண்டிருந்தது அடியில் இருந்த நிலவறையில். தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பினார். கிளைன் சொன்ன விளக்கம் வேறு. எத்தனையோ தீயைப் பார்த்துப் பழகிய மனம், இந்தத் தீ வழக்கப்படி நடந்துகொள்ளவில்லை என்பதைக் காரணம் விளங்கும் முன்பே கண்டுகொண்டது.

டேனியல் கானமன் இதற்கு எதிர்த்தரப்பு. சட்டென்று எழும் தீர்ப்புகள் எப்படியெல்லாம் வழிதவறும் என்று காட்டியவர். 2002இல் பொருளாதார நோபல் பெற்றவர். எதிரெதிராக நின்ற இந்த இருவரும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டவை இரண்டு நிபந்தனைகள். அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும். எடுத்த முடிவு சரியா, தவறா என்று தெரிந்து, அதிலிருந்து கற்கப் போதிய வாய்ப்பும் கிடைக்க வேண்டும். தீயணைப்பு வீரருக்கு இரண்டும் உண்டு. நெடுங்காலத்துக்குப் பிறகு பங்கு விலை எங்கே நிற்கும் என்று கணிப்பவருக்கு இல்லை.

வாழ்க்கையின் பெரிய முடிவுகளுக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. திருமணம் பெரும்பாலோருக்கு ஒருமுறை. பிளஸ் டூ முடித்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் அப்படியே. விளைவு தெரியப் பத்து ஆண்டு ஆகலாம். தேர்ந்தெடுக்காத வழி எப்படி இருந்திருக்கும் என்பது கடைசி வரை தெரியாது. எனவே, "இந்தப் படிப்புக்குத்தான் எதிர்காலம்னு தோணுது" என்று ஒரு தந்தை சொன்னால், அந்தத் தோன்றலுக்குப் பின்னால் பயிற்சி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளம்தான் இருக்கிறது.

ஆனால் ஒரே முடிவுக்குள் பல கேள்விகள் அடங்கியிருப்பதை மறந்துவிடக் கூடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தன் தாயை எப்படி அதட்டுகிறார், கேட்ட கேள்விக்கு எங்கே மழுப்புகிறார் என்பதைப் படிக்க நாம் குழந்தைப் பருவம் முதல் தினமும் பழகியிருக்கிறோம். வேலைச் சந்தையைப் பற்றிய ஊகம் வேறு, மனிதரைப் பற்றிய உறுத்தல் வேறு. மாப்பிள்ளையோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வந்த பெண், "பயமா இருக்கும்மா" என்றால், அதைக் கூச்சம் என்று ஒதுக்குவது பெரும் தவறு. எதைப் பார்த்துப் பயந்தாள் என்று பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் அவளால் சொல்ல முடியும்.

மனிதரைப் பற்றிய உணர்வும் பிழைபடும் என்பது உண்மைதான். சாதி, நிறம், பேச்சு வழக்கு ஆகியவற்றால் வரும் வெறுப்பும் "என்னவோ பிடிக்கலை" என்றுதான் வெளியே வருகிறது. காரணம் கேட்டால் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வெறுப்புக்கு உள்ளுணர்வு என்ற மரியாதை கூடாது.

உள்ளுணர்வை எப்போது கேட்பது என்பதற்குக் கானமனின் இளமைக்கால வேலை ஒன்று வழிகாட்டும். 1955இல், இருபத்தோரு வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் புதியவர்களை நேர்காணும் முறையை மாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதுவரை, பேசிப் பார்த்தவருக்குத் தோன்றியதே மதிப்பெண். அந்தக் கணிப்பு பின்னால் பலிக்கவில்லை. கானமன் ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடந்ததை மட்டும் கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். தங்களை இயந்திரமாக்குவதாக நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். அப்படியானால் ஆறையும் முடித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்து, தோன்றும் மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார். சில மாதம் கழித்து ஒப்பிட்டபோது, ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகப் பலித்திருந்தது. அவர் எதிர்பாராத வகையில், கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்குப் பலித்திருந்தது.

முதலிலேயே கேட்டிருந்தால் உதவாத அதே உள்ளுணர்வு, விவரங்களுக்குப் பிறகு கேட்டபோது உதவியது. நம் வீடுகளில் வரிசை தலைகீழ். ஜாதகம் பொருந்தியதும் மனம் முடிவு செய்துவிடுகிறது. கடன், குடிப்பழக்கம், வேலை பற்றிய விசாரிப்பெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடும் வேலையாகிவிடுகிறது.

விசாரிப்பை முதலில் முடியுங்கள். பிறகு, அந்த முடிவோடு வாழப்போகிறவரிடம் தனியாகக் கேளுங்கள். கூடத்தில் பத்துப் பேர் நடுவே தலையாட்டச் சொல்லாமல், இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் நிறுத்துங்கள்.