மாடி வீடு வாங்குமுன்

நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்தவர்களுக்கு வீடு என்றால் மண்ணும் மரமும் சேர்ந்தது. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின் எழுந்த இந்த நகரியத்தின் வட்டங்களில் முருங்கைக்கும் வாழைக்கும் இடம் விட்டே வீடுகள் கட்டினார்கள். ஆனால் அவ்வீடு நம்முடையதன்று. பணி ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே ஓய்வை நெருங்கும் நம் குடும்பங்களில் இப்போது ஒரே பேச்சு: சென்னையின் நடுவே ஓர் அடுக்கக வீடு வாங்கலாமா? விளம்பரப் படங்களில் கண்ணாடி முகப்புகள் மின்னுகின்றன.

ஆடு மேய்த்தவர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் போட்டியிடுவதை இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். அதில் நம்மை அஞ்சவைக்க வேண்டியது உயரத்தைவிடப் போட்டியே என்று கருதுகிறோம். தேவையறிந்து உயர்த்திய கட்டடங்களும் உண்டு.

மும்பையின் கஞ்சன்ஜங்கா அடுக்ககம் அத்தகையது. சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் நிறைவுற்றது. 28 மாடிகள், 32 வீடுகள். அந்நகரில் கடற்காற்றும் கடற்காட்சியும் மேற்கே கிடைக்கும். பிற்பகல் வெயிலும் மழைச்சாரலும் அதே மேற்கிலிருந்துதான் தாக்கும். பழைய பங்களாக்கள் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் அமைத்து இதைச் சமாளித்தன. கொரியா அந்தத் தாழ்வாரத்தையே வானுக்குத் தூக்கி, மூலைகளில் இரு தள உயரத் தோட்ட மாடங்களாக ஆக்கினார். தெருவில் செல்வோரை நிமிர்ந்து பார்க்கவைக்கும் அந்த ஆழ்ந்த வெட்டுகள் நிழலுக்காகப் பிறந்தவை. (போபாலில் அவர் கட்டிய சட்டமன்றம் 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.) அங்கே குடியிருப்போர் செல்வந்தர்கள், நமக்கு எட்டாத வீடுதான். ஆனால் வெயிலையும் காற்றையும் முதலில் கேட்டுவிட்டுக் கட்டுவதற்குச் செல்வம் தேவையில்லை. சென்னை வெயிலில் மேற்கு நோக்கிக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, நாள் முழுதும் ஏ.சி. ஓட்டுவதை அழகு என்று நம்மால் ஒப்ப இயலவில்லை.

பார்க்கச் செல்லும் குடும்பங்கள் விலையோடு வேறு சிலவற்றையும் விசாரிக்கட்டும். வாசற்கதவைத் திறந்தால் எதிர்வீட்டாரின் பார்வை நம் கூடம்வரை வருகிறதா? காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாட முடுக்குகளையே விட்டுவைத்தவர்கள் நம் முன்னோர். பஜ்ருக்கு நடந்து செல்லும் தொலைவில் பள்ளிவாசல் இருக்கிறதா? வட்டிக் கடனைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இன்னொன்றைக் கேட்கத் தயங்குகிறோம். ஒன்பதாம் மாடியில் ஒரு மவ்த் நிகழ்ந்தால் எங்கே குளிப்பாட்டுவது? ஜனாஸாவைக் கிடத்தியபடியே இறக்க அந்த லிஃப்டில் இடமுண்டா, அல்லது குறுகிய படிகளில் சாய்த்துச் சாய்த்துத் தூக்க வேண்டுமா? மாதிரி வீட்டைக் காட்ட அழைக்கும்போது கையோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள்.