களையென்றனர், கழனியைக் காத்தது!

"களை! பறித்தெறி!" காட்டு நெல்லுக்கு நாம் எழுதிய தீர்ப்பு இது. முற்றியதும் மணியை மண்ணிலே உதிர்த்துவிடும் அதனிடம் உழவருக்குக் கோபம் வருவது இயல்பே.

ஆனால், தோழர்களே, நடந்ததைக் கேளுங்கள்! 1960களிலும் 70களிலும், புகையான் பூச்சி சுமந்து வந்த புல்தழைக் குட்டை நோய் ஆசியாவின் வயல்களை வாட்டிற்று. பெருவிளைச்சலுக்குப் பெயரெடுத்த நெல்லினங்களெல்லாம் கூனிக் குறுகின. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்தனர். நோயை எதிர்த்து நின்றது எது? 1963இல் உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல். அதிலும் ஒரே ஒரு மாதிரி!

அதனைப் பயிர் நெல்லோடு மீண்டும் மீண்டும் கலந்து, உதிரும் குணத்தை விலக்கி, எதிர்க்கும் மரபணுவை நிலைநிறுத்தினர். குர்தேவ் குஷ் உருவாக்கி 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36, அந்த வலிமையோடு கோடிக்கு மேற்பட்ட ஏக்கரில் விளைந்தது.

அந்த ஒரு மாதிரி, திரட்டுமுன்பே அழிந்திருந்தால்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது!

இன்றோ குளம் தூர்க்கப்படுகிறது, சதுப்பு மனையாகிறது, அங்கு வாழும் காட்டு நெல் மடிகிறது. "விதைக் களஞ்சியம் இருக்கிறதே" என்பர். இருக்கட்டும், வளரட்டும்! ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை, புதிய நோயோடு பொருதிப் பழகுவதில்லை. அந்தப் பயிற்சி, கரையிலே வளரும் செடிக்கே கிட்டும்.

ஆகவே ஆள்வோரை நாம் கேட்க வேண்டியவை இரண்டு: களஞ்சியத்துக்குப் பொருள், காட்டு நெல் வாழும் நீர்நிலைக்குக் காவல். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பாராயின், விடாது கேட்போம்! நாளைய சோறு, இன்று நாம் மிதிக்கும் புல்லிலே இருக்கிறது.