ஃபியூஸ் எங்கே?

காரில் சப்வூஃபர் பொருத்தப் போவதாக நேயர் யாராவது சொன்னால், "எத்தனை வாட்?" என்று நான் கேட்பதில்லை, "ஃபியூஸ் எங்கே?" என்பேன்.

பேட்டரியிலிருந்து பூட் வரை ஓடும் மின்கம்பி, வழியில் எங்கேனும் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கலாம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபியூஸ் இந்தக் கம்பியைக் காப்பாற்றாது.

ஒலிக்கம்பி எதிர்ப்பக்கமாகப் போகட்டும். இன்ஜின் இரைச்சல் பாட்டில் கலப்பது குறையும். ஆம்ப்ளிஃபையருக்குக் காற்றோட்டம் வேண்டும். மைவிக்கு 10 அங்குல சப்வூஃபர் ஒன்றே தாராளம். பின்கதவைப் பார்த்து வைத்தால் பெரும்பாலும் பேஸ் கூடும். பெட்டியை வார் போட்டு இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் அது பாய்ந்தால், முன்னால் இருப்பது பிள்ளைகள்.

வண்டியை எடுக்குமுன் போனெட்டைத் திறந்து ஃபியூஸைக் காட்டச் சொல்லுங்கள். பாட்டுக்கு நானிருக்கிறேன்.