கொட்டைகளும் இருதயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழுப்பு மிகுந்தவை என்ற ஒரே காரணம் பற்றிப் பாதாம், அக்ரூட் முதலியவற்றை இருதயத்திற்குப் பகையென அஞ்சி விலக்குவோர் இன்னும் பலர் இருப்பது எனக்கு மெய்யாகவே விசனம் தருகிறது. ஸ்பெயின் தேசத்தில், இருதய வியாதிக்கு ஆளாகும் அபாயம் மிகுந்த 7,447 பேரைக் கொண்டு நடைபெற்று, 2013இல் வெளியாகி, ஆட்களைப் பகுத்த முறையில் நேர்ந்த பிழைகளால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தத்துடன் மீண்டும் பிரசுரமான (பிழையை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்) 'பிரெடிமெட்' ஆராய்ச்சியில், மத்தியதரைக்கடல் நாட்டு உணவோடு நாள்தோறும் 30 கிராம் கொட்டைகள் பெற்றவர்களிடம், விசேஷமாகப் பக்கவாதம், குறைந்தே காணப்பட்டது. கொட்டைகளிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு, வெண்ணெய் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக அமையும்போது, ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கெட்ட கொலஸ்டிரால் குறைகிறது. உப்பிட்டு எண்ணெயில் பொரித்தவற்றை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒரு கைப்பிடி, வெறுமனே வறுத்தது, போதும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்